நாலாவது அலசல்

மருத்துவமனையிலிருந்து புகார் வந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படுக்கை விரிப்பில் படுத்த நோயாளிகளுக்கு முதுகு அரிக்கிறது என்றார்கள். எல்லா விரிப்பிலும் இல்லை, சிலவற்றில். எல்லா நாளும் இல்லை, சில நாட்களில். பெரிய சலவை மெஷின்கள் செய்து விற்கிற எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு புகார் வந்தால் முதலில் சோப்புத் தூளைத்தான் கைகாட்டும். இவர்களும் காட்டினார்கள். மருத்துவமனை சோப்புத் தூளை மாற்றியது, அரிப்பு நிற்கவில்லை. கம்பெனியின் ஃபிட்டர் போய் மெஷினைப் பிரித்து, குழாய், வால்வு, டிரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எல்லாம் பளிச்சென்று இருக்கிறது என்று திரும்பி வந்தார். அரிப்பு அப்போதும் நிற்கவில்லை.

"அப்ப புரோகிராமாத்தான் இருக்கணும்," என்று ஃபிட்டர் மாடிப்படியில் நின்று சொன்னது அலுவலகம் முழுக்கக் கேட்டது. கேட்டும் கேட்காத மாதிரி ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள். காரணம், அந்தக் கம்பெனியில் புரோகிராம் என்றால் பெரிய மேடம்.

அங்கே இரண்டு மேடம்கள். பெரிய மேடம் கம்பெனி ஆரம்பித்த காலத்திலிருந்து இருப்பவர். தண்ணீர் விடு, சூடாக்கு, சுற்று, வடி, பிழி என்று மெஷினுக்குள் உட்கார்ந்து கட்டளை போடுகிற சிப்புக்கு வேண்டிய புரோகிராமை ஒற்றை ஆளாக எழுதியவர். சின்ன மேடம் அவருடைய தம்பி மனைவி. கல்யாணத்துக்காக வேறு ஊரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவள் அண்ணி என்று கூப்பிடுகிற பெரிய மேடமே முதலாளியிடம் பேசி அவளைச் சேர்த்துவிட்டார். ஒரே வீடு, ஒரே பஸ், அடுத்தடுத்த மேஜை. மாமியார் இல்லாத குறையைத் தீர்க்கக் கம்பெனியே ஏற்பாடு செய்திருக்கிறது என்று ஃபிட்டர் கிண்டல் செய்வார். அதற்கு இருவரும் சேர்ந்தே சிரிப்பார்கள். அதுவரை அவர்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை.

மருத்துவமனையில் புதிதாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கும் மெஷின்கள் இவர்களிடமே கேட்டிருந்தார்கள். அந்த வேலையில் அண்ணிக்குத் தலைக்கு மேல் நெருக்கடி. அதனால் முதலாளி சின்னவளைக் கூப்பிட்டு, போய் ஒரு நாள் உட்கார்ந்து என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

சலவைக் கூடம் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் நீராவியில் அவள் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், அழுக்குத் துணி வருகிற வாசல் ஒரு பக்கம், சுத்தத் துணி போகிற வாசல் இன்னொரு பக்கம், நடுவில் வரிசையாக மெஷின்கள். மேற்பார்வை பார்க்கும் அம்மாள் மெஷின் இரைச்சலோடு பேசிப் பேசி, அமைதியான இடத்திலும் கத்தித்தான் பேசுவார் போலிருந்தது. ஒரு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

காலை முழுவதும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துவைப்பு, பிறகு நாலு அலசல், பிறகு பிழிதல். வடிகிற தண்ணீரில் அவள் கையை நனைத்துப் பார்த்தாள். நாலாவது அலசலில் தண்ணீர் குடிதண்ணீர் மாதிரி இருந்தது. சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று எழுந்திருக்கப் போன நேரத்தில், மேல் மாடியிலிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. காலையில் அனுப்ப மறந்துபோன தலையணை உறைகள். மெஷின் ஓட்டுபவர் அலசலில் இருந்த மெஷினை நிறுத்து பொத்தானை அழுத்தி நிறுத்தி, தண்ணீர் வடிந்ததும் கதவைத் திறந்து, உறைகளை உள்ளே திணித்து, மறுபடி ஓடவிட்டார். மெஷின் முதலிலிருந்து துவைக்க ஆரம்பித்தது. அது சரிதான், உள்ளே அழுக்குத் துணி வந்திருக்கிறதே. துவைத்து முடித்து ஒருமுறை அலசியது. அடுத்து நேராகப் பிழிய ஆரம்பித்துவிட்டது.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி, மெஷின் நின்றதும் ஒரு உறையை எடுத்து முறுக்கினாள். உள்ளங்கையில் இறங்கிய தண்ணீர் வழவழவென்றிருந்தது. உலர்ந்தால் அத்தனை சோப்பும் துணியிலேயே படிந்திருக்கும்.

மேற்பார்வை அம்மாளிடம் அனுமதி கேட்டு, வேண்டுமென்றே மறுபடி மறுபடி நிறுத்திப் பார்த்தாள். முதல் அலசலுக்குப் பிறகு நிறுத்தினால் மூன்று அலசல்தான் கிடைத்தது. இரண்டுக்குப் பிறகு என்றால் இரண்டு. மெஷின் பழைய துணியை எத்தனை முறை அலசியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, புதுத் துணியின் கணக்கில் கழித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் புரோகிராம் முழுவதையும் அச்செடுத்து, நடைவழிச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். புரோகிராமில் எங்கு பார்த்தாலும் கோ-டூ. அதாவது, "இந்த வரிக்கு வந்ததும் மற்றதை விட்டுவிட்டு அந்த வரிக்குத் தாவு" என்கிற கட்டளை. அவள் படித்த இடத்தில் அதைத் தொடவே விடமாட்டார்கள். ஒரு வேலையை நாலு முறை செய்ய வேண்டுமென்றால் லூப் எழுது, அதற்கு ஒரு வாசல் வழியாக உள்ளே போ, ஒரு வாசல் வழியாக வெளியே வா என்பார்கள். இங்கே லூப் என்று ஒன்றுகூட இல்லை. அலசல் முடிந்ததும் பத்து வரி மேலே ஒரு தாவல். கதவு திறந்தால் ஐம்பது வரி மேலே ஒரு தாவல். எது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு கோ-டூவுக்கும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். மதியத்துக்குள் சுவர், பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. தப்பும் அதில் அகப்பட்டது. அலசல் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் வரி மேலே இருந்தது. கதவு திறந்து மூடிய பிறகு வருகிற தாவல் அதற்கு ஒரு வரி கீழே வந்து குதித்தது.

டீ இடைவேளையில் கூட்டம் கூடிவிட்டது. ஃபிட்டர் ஒரு கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே நடந்து போய், எங்கெங்கோ சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அண்ணி வந்தார். சிரிப்பு நின்றது.

அண்ணி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சுவரைப் பார்த்தார். பிறகு அவளிடம் மெல்லிய குரலில், "என்கிட்ட கேட்டிருந்தா எந்த வரின்னு உக்காந்த எடத்துலேர்ந்தே சொல்லியிருப்பேனே," என்றார். "இப்படி ஊரக் கூட்டித்தான் காட்டணுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவமானப்படுத்த வேண்டும் என்று அவள் செய்யவில்லை. மேஜையில் விரிக்க இடம் போதவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்வதற்குள் அண்ணி தன் இடத்துக்குப் போய் ஒரு வரியைத் திருத்திவிட்டார். பூஜ்யமாக்கும் வரி இப்போது தாவல் வந்து குதிக்கிற இடத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஃபிட்டர் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்ப் புதிய சிப்பை மாட்டினார். அரிப்பு நின்றது. விஷயம் அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அடுத்த வாரம் மேற்பார்வை அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். முதலாளி போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தும் அந்தக் குரல் எல்லாருக்கும் கேட்டது. மருத்துவமனையில் ஜெனரேட்டர் பழுது பார்க்கிறார்கள், மின்சாரம் போய்ப் போய் வருகிறது, காலையில் போட்ட துணியை மெஷின் மதியம் தாண்டியும் அலசிக்கொண்டே இருக்கிறது, ஒரு வார்டு முழுக்க வெறும் மெத்தை. "உங்க மெஷினுக்கு நிறுத்தவே தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

சுவரில் இருந்த காகிதங்களைப் பார்த்ததும் சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. மின்சாரம் போய் வந்தால் எங்கிருந்து தொடர்வது என்கிற தாவலும் அதே இடத்துக்குத்தான் வந்தது. முன்பு அது சரியாக இருந்தது. இப்போது மின்சாரம் கண் சிமிட்டும்போதெல்லாம் எண்ணிக்கை பூஜ்யமாகி, மெஷின் மறுபடி முதலிலிருந்து எண்ணியது.

அண்ணி மின்சாரத்துக்கென்று தனியாக இன்னொரு கோ-டூ போட்டுவிடலாம் என்றார். இந்தமுறை சின்னவள் வாயைத் திறந்தாள். "அது இன்னொண்ணக் கெடுக்கும் அண்ணி. அதுக்கு ஒண்ணு போடுவோம், அது வேறொண்ணக் கெடுக்கும். முழுசா லூப் வச்சுத் திரும்ப எழுதிடலாம்."

"நீ எழுதற லூப்ல தண்ணி தானா வடியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அண்ணி திரும்பிக்கொண்டார்.

அவள் நேராக முதலாளியிடம் போனாள். அண்ணியைத் தாண்டிப் போகிறோம் என்று தெரிந்தேதான் போனாள். முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஓடுகிற மெஷினுக்குள் கையை விடாதேம்மா என்றார். பெரிய மேடத்துக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா என்றும் கேட்டார். அவள் அசையவில்லை. இந்தப் புரோகிராம் இப்படியே புதுக் கட்டடத்துக்குப் போனால் அந்த அம்மாள் தினமும் போன் செய்வார் என்றாள். அந்தக் குரலை நினைத்துப் பார்த்தோ என்னவோ, முதலாளி சற்று யோசித்தார். கடைசியில், புது மெஷின்கள் லாரி ஏறும் நாளுக்குள் எழுதி முடித்து, கீழே பட்டறையில் ஓட்டிக் காட்டினால் பார்க்கலாம், இல்லையென்றால் பெரிய மேடம் திருத்தியதுதான் போகும் என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றுபோனது. சண்டை என்று சொல்ல முடியாது. வேண்டியதைக் கணவன் வழியாகக் கேட்டுக்கொண்டார்கள். உப்பு வேண்டுமா என்று உங்கள் அக்காவிடம் கேளுங்கள் என்பாள் இவள். போதும் என்று சொல்லு தம்பி என்பார் அவர். இருவருக்கும் நடுவே கைக்கெட்டும் தூரத்தில்தான் உப்பு ஜாடி இருக்கும். அவன் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்ப்பவன். "என் வேலையில பல்லெல்லாம் என் கையிலதான் இருக்கும். அங்க யாரும் என்னக் கடிக்கறதில்ல," என்று தட்டைப் பார்த்துச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியது அக்காவின் சம்பளம். அதனால் அவன் எந்தப் பக்கமும் பேசமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அவனைப் பேசச் சொல்லவில்லை.

அவள் எழுத ஆரம்பித்தாள். துவைப்புக்கு ஒரு லூப். அலசலுக்கு ஒரு லூப், அதற்குள்ளே தண்ணீர் நிரம்பும்வரை காத்திருக்க ஒரு லூப். எண்ணிக்கை, லூப் தொடங்கும் இடத்திலேயே பூஜ்யமாகும், வேறு எங்கிருந்தும் அதற்குள் வந்து குதிக்க முடியாது. கதவு திறந்து மூடினால் முதலிலிருந்து, மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து. படித்தால் சமையல் குறிப்பு மாதிரி மேலிருந்து கீழாகப் போயிற்று. பழைய புரோகிராமில் சில தாவல்கள் எதற்கு என்று விளங்கவே இல்லை. இரண்டு முறை அண்ணியின் மேஜைவரை போய்க் கேட்டாள். உன்னுடையதுதான் நேராகப் போகிறதே, என்னுடையது எதற்கு என்று பதில் வந்தது. கேட்பதை நிறுத்திவிட்டுத் தானே யோசித்தாள். ஆபத்து என்று பெயர் வைத்த ஒரு இடத்துக்கு மட்டும் பதினோரு இடங்களிலிருந்து தாவல் வந்தது. அந்த இடத்தில் எல்லா வால்வையும் மூடி, சூடேற்றியை அணைக்கிற கட்டளைகள் இருந்தன. பதினொன்று எதற்கு, ஒன்றே போதுமே என்று நினைத்தாள். எங்கே ஆபத்து வந்தாலும் மெஷின் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி செய்து, வெளி லூப் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குறிப்பைப் பார்த்துக்கொள்ளும்படி எழுதிவிட்டாள்.

ஓட்டிக் காட்டும் நாளன்று பட்டறையில் எல்லாரும் கூடினார்கள். கதவைத் திறந்து மூடினார்கள், நாலு அலசலும் வந்தது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டார்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. முதலாளி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் வைத்தார், அது அவர் சந்தோஷப்படுவதற்கு அடையாளம். பிறகு ஃபிட்டர் வழக்கமாகச் செய்யும் சோதனையைச் செய்தார். தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் சென்சாரின் வயரைப் பிடுங்கினார்.

தண்ணீர் ஏறியது. நிரம்பியது என்று சொல்ல வேண்டிய சென்சார் சொல்லவில்லை. வழிந்தால் காட்டிக்கொடுக்கிற இன்னொரு சென்சார் அதைக் கண்டு, ஆபத்து என்று குறித்தும் வைத்தது. ஆனால் உள்ளே இருந்த சின்ன லூப், தண்ணீர் நிரம்பட்டும் என்று காத்துக்கொண்டே இருந்தது. அதை விட்டு வெளியே வந்தால்தானே வெளி லூப் அந்தக் குறிப்பைப் பார்க்க முடியும்? கதவு இடுக்கிலிருந்து முதலில் ஒரு கோடாக வந்த தண்ணீர், பிறகு தகடாகக் கொட்டியது. நிறுத்து பொத்தானை அழுத்தினார்கள். அதையும் வெளி லூப்தான் பார்க்க வேண்டும். முதலாளி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஒரு மரப்பெட்டி மேல் ஏறினார். அண்ணி தண்ணீரில் நடந்து போய், சுவரோரத்தில் இருந்த பெரிய குழாயைக் கையால் திருகி மூடினார்.

அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது சின்னவளுக்கு. அவர் நேராக மேலே போய்விட்டார். முதலாளி மரப்பெட்டி மேலிருந்தபடியே, பெரிய மேடத்துடையதே போகட்டும் என்றார்.

லாரி இன்னும் ஏறவில்லையே என்றாள் அவள். அழவில்லை. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரை வடிகால் பக்கம் தள்ள ஆரம்பித்தாள். ஃபிட்டரும் இன்னொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தள்ளிக்கொண்டே அவளுக்கு அந்தப் பதினோரு தாவலும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தண்ணீர் விடும் இடத்தில் ஒன்று, சூடாக்கும் இடத்தில் ஒன்று, வடிக்கும் இடத்தில் ஒன்று. மெஷின் எந்தெந்த இடத்தில் காத்துக்கொண்டு நிற்குமோ அங்கெல்லாம் அண்ணி ஒரு கதவு வைத்திருந்தார். எவ்வளவு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தாலும் ஒரே தாவலில் வெளியே வந்துவிடலாம்.

மாலை பஸ்ஸில் அவர்கள் தள்ளித் தள்ளி உட்காருவது வழக்கமாகியிருந்தது. அன்று அவள் போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கால்சட்டை இன்னும் முழங்கால்வரை ஈரமாக இருந்தது.

"அண்ணி, தோத்துட்டேன்னு சொல்ல வரல."

"தெரியும். நீ சொல்லமாட்ட."

"ஆபத்துக்கு ஏன் பதினோரு எடத்துலேர்ந்து குதிக்கறீங்கன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. அத மட்டும் நீங்க சொல்லியிருக்கலாம். நான் கேட்டேன்."

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராது என்றுதான் அவள் நினைத்தாள். இரண்டு நிறுத்தம் கழித்து வந்தது.

"கம்பெனில ரெண்டு தடவ ஆள் குறைச்சாங்க. என்ன விடப் படிச்சவங்க, என்ன விட நல்லா பேசறவங்க எல்லாரையும் அனுப்பினாங்க. என்னைத் தொடல. ஏன்னா அந்தப் புரோகிராம் வேற யாருக்கும் புரியாது. அத நீ படிச்சதும் புரியற மாதிரி எழுதி வச்சுட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

அவளுக்கு இது எதிர்பாராதது. பழைய பழக்கம், வீம்பு, சின்னவள் சொல்லி நான் கேட்பதா என்கிற எண்ணம், இவற்றுக்கெல்லாம் அவள் பதில் தயாராக வைத்திருந்தாள். இதற்கு வைத்திருக்கவில்லை.

"எங்க கல்யாண ஃபோட்டோ எதுலயாவது நீங்க இருக்கீங்களா அண்ணி?"

அண்ணி திரும்பினார்.

"ஒண்ணுல கூட இல்ல. தம்பி கல்யாணத்துல நீங்க மண்டபத்துக்குப் பின்னால நின்னு, ஒரு காதப் பொத்திக்கிட்டு, எந்த வரிய மாத்தணும்னு ஃபிட்டருக்கு ஃபோன்ல சொல்லிட்டிருந்தீங்க. நான் அன்னிக்கே பாத்தேன். யாரு இவங்க, சாப்பிடக் கூட வரலயேன்னு கேட்டேன். நாத்தனார்னாங்க." அவள் அண்ணி பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "அது வேற யாருக்கும் புரியாததாலதான் உங்கள விடலன்னு சொல்றீங்க. நெஜந்தான். அவங்க உங்கள விடவே இல்ல."

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போனதை இருவருமே கவனிக்கவில்லை. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தார்கள். மருந்துக் கடை, சைக்கிள் கடை, பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம் எல்லாம் தாண்டிய பிறகு அண்ணி, "நாளைக்கு அந்தப் பேப்பரையெல்லாம் சுவத்துலேர்ந்து எடுத்து என் டேபிளுக்குக் கொண்டா," என்றார். "கோட்ட அழிக்காத. கோடு நல்லாத்தான் போட்டிருக்க."

வீட்டில் அன்று உப்பு ஜாடியை அண்ணியே எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். கணவன் தலையைத் தூக்காமல் வேகமாகச் சாப்பிட்டு எழுந்து போய்விட்டான், எங்கே மறுபடி கெட்டுவிடுமோ என்கிற மாதிரி.

மறுநாள் தொடங்கிய வேலை, சமாதானமான வேலை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வழக்கு நடந்தது. அண்ணிக்குக் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்திருந்தது. அந்தக் காலத்துச் சிப்பில் இடம் அவ்வளவு குறைவு, ஒரே வரிகளை நாலு வேலைக்கும் பயன்படுத்தத் தாவித்தான் ஆக வேண்டியிருந்தது. ஒரு தாவல், மெதுவாக மூடுகிற ஒரு பழைய வால்வுக்காக. அந்த வால்வு இப்போது எந்த மெஷினிலும் இல்லை. இன்னொன்றை அண்ணி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போனார், பின்னால் போனார், பேனாவைக் கீழே வைத்தார். "இது எதுக்குன்னு எனக்கே தெரியல," என்று சொல்லிவிட்டு, பல நாளைக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தார்.

பெரிய வழக்கு ஆபத்துக்காகத்தான். சின்னவளுக்கு ஒரு கோ-டூகூட மிஞ்சக்கூடாது. குறிப்பைப் பார்க்கும் வரியை எல்லா லூப்பிலும் போட்டுவிடலாம் என்றாள், போட்டும் காட்டினாள். அண்ணி அதை எண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் உள் லூப்பில் ஒருமுறை பார்த்து வெளியேற வேண்டும், வெளி லூப்பில் மறுபடி பார்த்து வெளியேற வேண்டும், அதற்கும் வெளியே இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

"இதுல ஒண்ண மறந்தா மறுபடி முதலாளி பெட்டி மேல ஏறணும்," என்றார். "தீப்பிடிச்சா ரூம் ரூமா நின்னு, இங்க தீ இருக்கான்னு கேட்டுக்கிட்டா போவ? நேரா வாசலுக்குத்தான ஓடுவ?"

அவள் அன்று முழுவதும் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் தான் எழுதியதைத் தானே படித்தபோது, வடிக்கும் இடத்தில் குறிப்பைப் பார்க்கும் வரி ஒன்று விட்டுப்போயிருப்பதைக் கண்டாள். அதை யாரிடமும் மறைக்காமல் அண்ணியிடமே எடுத்துப் போனாள். கோ-டூ இருக்கட்டும், ஆனால் அது கீழ்நோக்கி மட்டும், லூப்பை விட்டு வெளியே மட்டும், ஆபத்துக்கு மட்டும் என்றாள். மேல்நோக்கி ஒன்றுகூடக் கூடாது, லூப்பின் நடுவில் போய்க் குதிக்கவும் கூடாது. அண்ணி பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து அந்த நிபந்தனைக்குள் அடங்குகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே தலையாட்டினார். மற்ற தாவல்களைத் தன் கையாலேயே அழித்தார். சிலவற்றை அழிக்கும்போது விரல் பொத்தான் மேல் நின்றது, ஆனால் அழித்தார்.

பட்டறையில் ஃபிட்டர் மறுபடி வயரைப் பிடுங்கியபோது முதலாளி முன்னெச்சரிக்கையாகப் படிக்கட்டில் நின்றுகொண்டார். தண்ணீர் கதவு விளிம்புவரை ஏறியது. வால்வுகள் டக்கென்று மூடின. மெஷின் நின்று, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அமைதியாக இருந்தது. தரை காய்ந்தே கிடந்தது.

மருத்துவமனையில் சோதித்துப் பார்க்க இருவரும் சேர்ந்தே போனார்கள். மேற்பார்வை அம்மாளுக்கு அவர்கள் வாய்வார்த்தையில் நம்பிக்கை இல்லை. மின்சாரத்தைத் தானே அணைப்பேன் என்று சுவிட்சுப் பலகை பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அலசலின் நடுவில் அணைத்தார், போட்டார், கொஞ்சம் பொறுத்து மறுபடி அணைத்தார். அவர் முகத்தில் அத்தனை நாள் கோபமும் தீர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. பிறகு தலையணை உறைகளைக் கொண்டுவரச் சொல்லி, மூன்றாவது அலசலில் நிறுத்தி உள்ளே போட்டார். மெஷின் முதலிலிருந்து துவைத்தது, நாலு முறை அலசியது, பிழிந்தது, நின்றது. அந்த அம்மாள் ஒரு உறையை எடுத்து முறுக்கி, சொட்டிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். சின்னவள் பதறிப்போய்த் தடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

"இப்ப சரி," என்று கத்தினார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து வராது என்று ஓட்டுபவர் பிற்பாடு சொன்னார்.

புது மெஷின்கள் புதுப் புரோகிராமோடு லாரி ஏறின. முதலாளி அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தார். வெளியே விடுதிகளிலும் முதியோர் இல்லங்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின்களைப் பற்றிப் புகார் எதுவும் இல்லையே என்றார். அண்ணி விடவில்லை. அவர்கள் புகார் சொல்லவில்லை என்றால் அரிக்கவில்லை என்று அர்த்தமா என்று கேட்டார். நான் எழுதியது, எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் நானே போய் மாற்றுவேன், வண்டி மட்டும் கொடுங்கள் என்றார். முதலாளி கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், கடைசியில் வண்டிச் சாவியை மேஜை மேல் வைத்தார். இனிமேல் புரோகிராம் பற்றிய போன் வந்தால் யார் எடுப்பது என்பதையும் அண்ணியே அப்போது சொல்லிவிட்டார். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் சின்னவள்.

முதலில் போனது இருப்பதிலேயே தொலைவான ஒரு மாணவர் விடுதிக்கு. ஃபிட்டர் வண்டியை ஓட்டினார். காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சலவை அறை பூட்டியிருந்தது, சாவி வைத்திருப்பவர் இன்னும் வரவில்லை. இருவரும் வாசல் படியில் உட்கார்ந்தார்கள். அண்ணி மடிக்கணினியை முழங்காலில் வைத்துத் திறந்து, நீ எண்ணிக்கைக்கு வைத்திருக்கிற பெயர் இவ்வளவு நீளமாக எதற்கு, பாதி போதாதா என்று ஆரம்பித்தார். பாதியாக்கினால் நாளைக்கு வருபவருக்குப் புரியாது என்றாள் இவள். புரிய வேண்டும் என்றால் அவர் ரயில் பெட்டி நீளத்துக்குத்தான் படிக்க வேண்டுமா என்றார் அவர். ஃபிட்டர் தனக்கு இதில் சம்பந்தமில்லை என்பது போல வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாவிக்காரர் வந்து கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்ததும் வரிசையாக மூன்று மெஷின்கள் தெரிந்தன. அண்ணி மடிக்கணினியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எந்த மெஷின்லேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்று அவளைக் கேட்டார். அவள் கதவோரம் இருந்ததைக் காட்டினாள். மூன்று பேரும் உள்ளே போனார்கள்.